நல்ல ஒயின் பாட்டிலை வைப்பதா, விற்பதா, குடிப்பதா? வேலூர் வெயிலில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ தொழிலில் இருப்பவர்கள் வீடுகளில் விலை உயர்ந்த ஒயின் பாட்டில் ஒன்றாவது இருப்பது அதிசயமில்லை. சரக்கு வாங்க இத்தாலியிலிருந்து வரும் பையர் கையோடு கொண்டுவந்து தருவார். மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குப் போனவர் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். வேலூர் டவுனில் என்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்ததாக இருக்கும். அப்புறம் அந்தப் பாட்டில் ஷோகேஸில் டி.வி.க்குப் பக்கத்தில் ஏறிவிடும். வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். என்றைக்காவது யாராவது அதைக் கையில் எடுத்து, "இன்னாண்ணா, இத வித்தா எவ்ளோ வரும்?" என்று கேட்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் விற்கும் வழி கிட்டத்தட்ட அடைபட்டது. வைத்திருக்கும் வழி, குளிர்ச்சியான இடம் இருந்தால் மட்டும். மீதி எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: குடித்துவிடுங்கள், அடுத்த சித்திரை வருவதற்குள். உங்கள் பாட்டில் இதற்கு விதிவிலக்கா என்று பார்க்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: லேபிளைப் படியுங்கள்

லேபிளில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: தயாரித்தவர் பெயர், ஊர் அல்லது வட்டாரம், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் சதவீதம். ஆண்டு என்பது திராட்சை பறித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு இல்லை. ஆண்டே போடாத ஒயினும் உண்டு. அப்படிப்பட்டவை பெரும்பாலும் பல ஆண்டுச் சரக்கைக் கலந்து செய்தவை. வைத்துப் பார்த்து எந்த லாபமும் இல்லை. அறுவடை ஆண்டு போடாத சாதாரண ஷாம்பெயினும் இதில் சேர்த்திதான்.

பழசானால் எல்லா ஒயினும் ருசி கூடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி கடைக்கு வந்த ஓரிரண்டு ஆண்டுகளில் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வயது ஏற ஏற மெருகேறுவது ஒரு சிறு கூட்டம்தான்.

தோல் தொழிலில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பையர் எந்த ஊர்க்காரரோ, பாட்டிலும் பெரும்பாலும் அந்த ஊர்ப் பக்கத்தது. இத்தாலியின் டஸ்கனியில் சாந்தா க்ரோச்சே தோல் பதனிடும் ஊர்; அந்த மாநிலத்திலேயே கியாந்தி, ப்ருனெல்லோ தி மொந்தால்சினோ என்ற சிவப்பு ஒயின்கள் விளைகின்றன. சாதாரண கியாந்தியை நாலைந்து ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். ப்ருனெல்லோ, சரியான குளிரில் வைத்தால், பத்து முதல் இருபது ஆண்டு வரை தாங்கும். அறுவடை முடிந்து ஐந்தாவது ஆண்டில்தான் அதை விற்பனைக்கே விடுவார்கள். வெனெத்தோ மாநிலத்தில் அர்சிஞ்ஞானோ இன்னொரு தோல் நகரம். அந்தப் பக்கத்துப் பெருமை அமரோனே: திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திப் பிறகு பிழிவது. ஆல்கஹால் 15, 16 சதவீதம் வரை இருக்கும், அதுவும் நன்றாகத் தாங்கும். அதே வெனெத்தோவிலிருந்து வரும் ப்ரொசெக்கோவை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் நுரையும் போகும், வாசனையும் போகும். பீட்மாண்டிலிருந்து பரோலோ வந்திருந்தால் கொஞ்சம் கவனமாகவே இருங்கள். இத்தாலியின் மிக நீண்ட ஆயுள் கொண்ட ஒயின்களில் அது ஒன்று. ஜெர்மன் ஷூ நகரமான பிர்மாசென்ஸிலிருந்து வருகிறவர் பால்ஸ் வட்டாரத்து ரீஸ்லிங் கொண்டு வரலாம். அதில் அவுஸ்லேஸே, த்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸே என்று இனிப்பு வகை எழுதியிருந்தால், வெள்ளை ஒயின்தானே என்று அலட்சியம் வேண்டாம். பல பத்தாண்டுகள் நிற்கும்.

பிரான்ஸ் சரக்கு என்றால் போர்தோ வட்டாரத்து ஒயின் பண்ணைகளுக்கு 1855இல் போட்ட தரவரிசை இன்றும் விலையைத் தீர்மானிக்கிறது. லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் நான்கும் அன்றே முதல் தரம். மூத்தோன் 1973இல் சேர்ந்தது. இந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் லேபிளில் இருந்தால் முழுக்கட்டுரையையும் படியுங்கள். போர்ட் ஒயின் (போர்த்துகலின் இனிப்பான, ஆல்கஹால் கூடிய ஒயின்) என்றால் ஒரு வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். 'வின்டேஜ்' என்று ஆண்டு போட்டது பாட்டிலுக்குள்ளேயே முதிர்வது. 'டானி' 10 ஆண்டு, 20 ஆண்டு என்று போட்டது பீப்பாயிலேயே முதிர்ந்து வந்தது. அதை இன்றைக்கே குடிக்கலாம், வைத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை.

விஸ்கியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 12 வருஷ விஸ்கியை ஷோகேஸில் இன்னும் 12 வருஷம் வைத்தாலும் அது 12 வருஷ விஸ்கிதான்.

இரண்டாம் படி: அந்தப் பாட்டில் எங்கே எப்படி இருந்தது?

லேபிளை விட முக்கியம் இதுதான், யாரும் கேட்காததும் இதுதான். ஒயினுக்குப் பிடித்த வெப்பம் 12, 13 டிகிரி, வருஷம் முழுக்க ஒரே சீராக. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மே 4 முதல் அந்த மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம் படுத்தும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனலடிக்கும்.

அந்தச் சூட்டில் பாட்டிலுக்குள் நடப்பது இரண்டு. சூடு ஏறினால் திரவம் விரிந்து தக்கையை மெல்ல வெளியே தள்ளும், ஓரமாகக் கசியும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். நாளுக்கு ஒரு தடவை இது நடந்தால் ஒரே கோடையில் ஒயின் காற்றுப் பட்டுப் போய்விடும். அது போக, வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதி மாற்றங்கள் சுமார் இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். பத்து வருஷத்தில் பக்குவமாக வர வேண்டியது அவசரத்தில் வெந்துபோகிறது.

ஏ.சி. அறையில் வைத்திருந்தேன் என்பார்கள். ராத்திரி மட்டும் 24 டிகிரி, பகலில் பூட்டிய அறையில் 36 என்றால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கெடுதல். ஏலகிரியில் வீடு இருக்கிறதே என்பவர்களும் உண்டு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். மனுஷனுக்குச் சுகமான குளிர், ஒயினுக்குப் போதாது. கோடையில் அங்கேயும் 30 டிகிரியைத் தாண்டும்.

ஆகவே ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: யார் கொடுத்தார், எந்த ஆண்டு, எத்தனை கோடை எங்கே இருந்தது, நின்றதா படுத்ததா, டியூப் லைட் வெளிச்சமோ ஜன்னல் வெயிலோ பட்டதா. தக்கை போட்ட பாட்டிலை நிறுத்தியே வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். இரண்டு கோடைக்கு மேல் ஷோகேஸில் நின்றிருந்தால் விற்பதைப் பற்றிய யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். நேராகக் குடிக்கும் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் பாருங்கள், திறக்க வேண்டாம்

பாட்டிலை நிறுத்தி, பின்னால் செல்போன் டார்ச் அடியுங்கள். முதலில் மட்டம். ஒயின் கழுத்துக்குள் நன்றாக ஏறி நின்றால் நல்லது. 15, 20 வயதான போர்தோ கழுத்தின் அடிவரை இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஐந்தே வயதான பாட்டில் தோள்பட்டை வரை இறங்கியிருக்கிறது என்றால் கசிந்திருக்கிறது.

அடுத்து தக்கை மேலுள்ள உறை. விரலால் மெதுவாகத் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் கசிவு இல்லை என்பதற்கு நல்ல அடையாளம். சில நல்ல பாட்டில்களில் உறை இறுக்கமாகவே இருக்கும், அதனால் சுற்றவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். ஆனால் ஓரத்தில் பிசுபிசுப்பு, காய்ந்த சிவப்புக் கோடு, மேலே புடைத்த தக்கை தெரிந்தால் வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது.

பிறகு நிறம். சிவப்பு ஒயின் வயதானால் ஓரம் செங்கல் நிறமாகும், அது இயல்பு. பத்து வயதுக்குள் முழுக்கப் பழுப்பேறியிருந்தால் சந்தேகம். வெள்ளை ஒயின் ஆழ்ந்த பொன்னிறத்தைத் தாண்டி டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தால் பெரும்பாலும் போய்விட்டது. இனிப்பு வகைகளுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு.

அடியில் வண்டல் இருந்தால் குறையில்லை, பெரும்பாலும் நல்ல அறிகுறி. நம் பக்கத்துத் தொழில்காரர்களுக்கு இது சீக்கிரம் புரியும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்களே, அவற்றில் தோலைப் பிடித்து இறுக்கியது டானின் என்ற துவர்ப்புச் சத்து. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இளம் பரோலோவைக் குடித்தால் கடுக்காய் கடித்தது போல வாய் இழுக்கும். வருஷங்கள் போகப் போக அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, நிறத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். மேலே உள்ள ஒயின் மென்மையாகும். வைத்துக் குடிக்கிற ஒயின் என்பதன் அர்த்தமே பெரும்பாலும் இந்தத் துவர்ப்பு அடங்கக் காத்திருப்பதுதான்.

நான்காம் படி: விற்க முடியுமா?

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாத தனி ஆள் ஒரே ஒரு பாட்டிலை விற்றாலும் குற்றம்தான். அது பிரெஞ்சு ஒயின், ஒரு லட்சம் பெறும் என்பதெல்லாம் கணக்கில் வராது. வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டு விலை கேட்பதும், பழைய பொருள் விற்கும் ஆப்பில் போடுவதும் வம்பை விலைக்கு வாங்குவது. உரிமம் உள்ள கிளப்போ நட்சத்திர ஓட்டலோ கூட அவர்களுக்கென்று உள்ள வழியில்தான் சரக்கு எடுக்க முடியும், உங்களிடம் வாங்க முடியாது.

பெங்களூரில் ஆள் இருக்கிறார், சித்தூரில் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் கலால் விதி வேறு. காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் நின்று ரீஸ்லிங்கின் பெருமையை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சரி, லண்டன், நியூயார்க், ஹாங்காங் ஏலங்கள்? சோத்பீஸ், கிறிஸ்டீஸ் போன்றவர்கள் நிஜமாகவே ஒயின் ஏலம் நடத்துகிறார்கள். 2018இல் நியூயார்க்கில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து ஒயினான ரொமானே-கோந்தி, 1945ஆம் ஆண்டுச் சரக்கு, ஒரே பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. அது அந்த விலைக்குப் போனதன் காரணத்தைப் பாருங்கள். அந்த ஆண்டில் செய்ததே சுமார் 600 பாட்டில். அதிலும் இது பர்கண்டியிலேயே, ராபர்ட் த்ரூவான் என்ற பெயர்பெற்ற ஒயின் வணிகரின் சொந்த நிலவறையில் இருந்து வந்தது. எங்கே இருந்தது என்ற கேள்விக்கு அங்கே சந்தேகமில்லாத பதில் இருந்தது. ஷோகேஸில் இருந்தது, மேலே ஃபேன் ஓடியது என்று நாம் சொன்னால் ஏலக்காரர் மரியாதையாக மறுத்துவிடுவார்.

போலிகளால் அவர்கள் சூடுபட்டவர்கள் வேறு. அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் கலந்து, பழைய லேபிள் ஒட்டிக் கோடிக்கணக்கில் விற்றார். 2014இல் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறை. அதற்குப் பிறகு பில், பெட்டி, வாங்கிய இடம், வைத்த இடம் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பது இன்னும் கடுமையாகிவிட்டது. ஒற்றைப் பாட்டிலை, அதுவும் நடுத்தர விலைப் பாட்டிலை, பெரிய ஏல நிறுவனங்கள் சாதாரணமாக எடுப்பதும் இல்லை.

விலை பார்க்க ஆசை இருந்தால் வைன்-சர்ச்சர் தளத்தில் பெயரையும் ஆண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அதில் வருவது கடைக்காரர் கேட்கும் விலை. விற்பவர் கையில் கமிஷன், காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் போய் நிற்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு.

விற்பது நிஜமாகவே பொருந்துவது ஒரே சந்தர்ப்பத்தில்: பாட்டில் இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை. மகள் லண்டனில் இருக்கிறாள், அவளுக்கு யாரோ நல்ல போர்தோ பெட்டி கொடுத்திருக்கிறார்கள் என்றால் ஊருக்குக் கொண்டு வரச் சொல்லாதீர்கள். பில்லோடு அங்கேயே ஒரு ஒயின் கிடங்கில் வாடகைக்கு வைக்கச் சொல்லுங்கள். வைப்பதும் விற்பதும் அங்கே சட்டப்படி நடக்கும். எப்படியும் இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர் மதுதான்.

ஐந்தாம் படி: வைத்திருப்பதென்றால்

முதல் படியில் நீண்ட ஆயுள் வகை என்று தெரிந்து, மூன்றாம் படியில் பழுது ஒன்றும் இல்லையென்றால் வைத்திருக்கலாம். அதற்கு ஒயின் கூலர் வேண்டும்: 12 டிகிரியில் நிற்கும் சின்ன ஃப்ரிட்ஜ். கம்ப்ரசர் உள்ளதாகப் பாருங்கள். கம்ப்ரசர் இல்லாத மலிவு மாடல்கள் அறை வெப்பத்தை விடக் குறிப்பிட்ட அளவுதான் இறக்கும், நம் ஊர்க் கோடையில் தோற்றுவிடும். பாட்டிலைப் படுக்க வையுங்கள். சில மணி நேரம் கரண்ட் போனால் பயமில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஒரே ஒரு பாட்டிலுக்காகக் கூலர் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாதக் கரண்ட் பில்லைச் சேர்த்தால் நாலைந்து வருஷத்தில் பாட்டில் விலையைத் தாண்டிவிடும். இடைக்கால ஏற்பாடாகச் சாதாரண ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில், துணியில் சுற்றிப் படுக்க வைக்கலாம். நான்கு டிகிரிக் குளிரும் வறண்ட காற்றும் தக்கைக்கு நல்லதில்லை, ஆனால் ஒரு கோடையைத் தாண்ட அது தாராளமாகப் போதும்.

வீட்டில் யாரும் குடிப்பதில்லை, மார்க்கம் அனுமதிப்பதில்லை என்றால் வைத்திருக்கவே வேண்டாம். அடுத்த தடவை பையரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இத்தாலிக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஆலிவ் எண்ணெயோ சீஸோ கொண்டு வருவார்கள்.

ஆறாம் படி: குடிப்பது

தேதியை முதலில் குறியுங்கள். மார்கழி, தை நம் ஊரில் நல்ல காலம். கிறிஸ்துமஸோ பொங்கல் லீவோ ஒத்துவரும். 750 மில்லியில் ஐந்து கிளாஸ் வரும், ஆகவே நாலைந்து பேர் போதும். 21 வயதுக்குக் கீழே யாருக்கும் இல்லை, மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்கட்டும், வண்டி ஓட்டுகிறவருக்கு மோர்.

இரண்டு நாள் முன்பே பாட்டிலை ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எழுதியிருப்பது ஐரோப்பாவின் அறையைப் பற்றி. நமக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வெளியே இருந்தால் அங்கே வந்து நிற்கும். தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், வியர்த்துக் கொட்டக்கூடாது.

பழைய தக்கை உடையும். திருகியை ஆழமாக இறக்கி, நிதானமாக நேராக இழுங்கள். பாதியில் உடைந்தால் மீதியை உள்ளே தள்ளிவிட்டு, துவைத்துச் சோப்பு வாசனை போன மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். ஒரு கண்ணாடி ஜக்கில் மெதுவாக ஊற்றுங்கள், பாட்டில் கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம் இருக்கட்டும். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பத்து வயதுப் பரோலோவுக்கு ஜக்கில் ஒரு மணி நேரம் நல்லது; ஜக்கைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இரண்டு ஐஸ் கட்டி போட்டு வைத்தால் சூடேறாது. இருபது வயதைத் தாண்டியதை வடித்தவுடன் குடித்துவிட வேண்டும், காற்றில் சீக்கிரம் அடங்கிவிடும்.

முதலில் முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் தக்கைக் கோளாறு. விலை, வயது, வெயில் எதற்கும் சம்பந்தமில்லை, யாருக்கும் வரலாம். பாகு காய்ச்சியது போல, சோயா சாஸ் போல வாசனை வந்தால் வெயிலில் வெந்தது. புளித்த காடி நெடி வந்தால் காற்று புகுந்தது. இவை எதுவும் உடம்புக்கு விஷமில்லை, ருசிதான் இல்லை.

கூடச் சாப்பிட என்ன? ஆம்பூர் பிரியாணி என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். பாதி சரி. சீரக சம்பாவும் மட்டனும் ப்ருனெல்லோவோடு நன்றாகவே போகும், கொழுப்பு துவர்ப்பை அடக்கும். கூட வருகிற புளிப்புக் கத்திரிக்காயைத்தான் அன்றைக்குத் தள்ளி வைக்க வேண்டும். புளியும் காரமும் ஆல்கஹாலோடு சேர்ந்தால் நாக்கு எரியும், ஒயின் ருசியே தெரியாது. அமரோனேவுக்கு மிளகு தூக்கலான சுக்கா வேண்டாம், காரம் குறைத்த மட்டன் வறுவல் போதும். இனிப்பு ரீஸ்லிங் மட்டும் காரத்தைத் தாங்கும். சில்லி சிக்கனோடு கூடக் குடித்துப் பார்க்கலாம்.

மிச்சம் இருந்தால் தக்கையை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள், வின்டேஜ் போர்ட்டும் அப்படித்தான். டானி போர்ட் மட்டும் சில வாரம் நிற்கும். வெந்துபோன ஒயினைக் கொட்ட வேண்டியதில்லை. அரைக் கிலோ மட்டனுக்கு ஒரு டம்ளர் ஊற்றி, வெங்காயம் பூண்டோடு ராத்திரி ஊறவைத்து மறுநாள் சிறு தீயில் வேகவிட்டால் கறி நன்றாக மெத்தென்றாகும். உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடுங்கள், ஒயின் வற்றும்போது புளிப்பு ஏறும்.